போக்ஸின் 88 ஆல்பம்: ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு மொத்தத்தையும் விழுங்கிவிட்டதா?

தகரக்குழல் | டிசம்பர் 6, இரவு 10.12

வணக்கம். ஐரிஷ் நாட்டுப்புற இசையும் பங்க் ராக்கும் கலந்த கெல்டிக் பங்க் என்றால் இங்கே பேச்சு பாஸ்டனிலேயே, டிராப்கிக் மர்ஃபிஸ் குழுவிலேயே நின்றுவிடுகிறது. அவர்களுக்கு வழி போட்டுக் கொடுத்தவர்களைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

லண்டன் குழுவான த போக்ஸின் மூன்றாவது ஆல்பம் 'இஃப் ஐ ஷுட் ஃபால் ஃப்ரம் கிரேஸ் வித் காட்'. 1988 ஜனவரியில் வந்தது. பிரிட்டன் பட்டியலில் 3ஆம் இடம் வரை ஏறியது. அவர்களுடைய வேறு எந்த ஸ்டூடியோ ஆல்பமும் அவ்வளவு உயரம் போகவில்லை. ஆனால் இன்று இந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேர், "அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டு இருக்கிற ஆல்பமா?" என்கிறார்கள். மீதிப் பேர், "85 ஆல்பத்தோடு அவர்கள் சரக்கு தீர்ந்தது, 88ல் மெருகு போட்டுக் கெடுத்துவிட்டார்கள்" என்கிறார்கள். என் கட்சி வேறு. அந்தப் பாட்டை ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுத்துத் தனியாகக் கேட்டுக் கேட்டு, பாட்டையும் தப்பாகப் புரிந்துகொண்டோம், ஆல்பத்தையும் தவறவிட்டோம்.

வினைலின் முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பாட்டு 'பாட்டில் ஆஃப் ஸ்மோக்'. 25க்கு 1 என்று ஒருவரும் சீந்தாத குதிரையின் மேல் பணம் கட்டியவன் ஜெயித்துவிட்டுத் தலைகால் புரியாமல் ஆடுகிறான். அது ஓய்ந்ததும் பியானோ. நான்காவது பாட்டுதான் அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டு, 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்'. இதிலும் ஒருவன் குதிரையில் ஜெயித்திருக்கிறான், இந்த முறை 18க்கு 1. ஆனால் அவன் கிடப்பது போலீஸ் லாக்கப்பில், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, குடித்துவிட்டுப் பிடிபட்டவர்களோடு. பக்கத்தில் ஒரு கிழவர் ஐரிஷ் பாட்டு ஒன்றைப் பாடுகிறார். இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளை நினைக்கிறான். ஐந்தாவது 'மெட்ரோபொலிஸ்', குரலே கிடையாது, ஒரு பெருநகரம் மேலே விழுந்து அமுக்குகிற மாதிரி பிராஸ் வாத்தியங்கள். ஆறாவது 'தவுசண்ட்ஸ் ஆர் செய்லிங்', நியூயார்க்குக்குக் கப்பலில் வந்த குடியேறிகள் இறங்கிய எல்லிஸ் தீவில் கால் வைத்தவர்களின் ஆவிகளோடு பேசுகிற பாட்டு.

நான்கு பாட்டும் தொடர்ந்து வருகின்றன. பந்தயத்தில் ஜெயிப்போம் என்ற நம்பிக்கை, ஜெயித்தும் தோற்றுப்போன தம்பதி, நகரம், அப்புறம் அந்த நகரத்துக்குக் கப்பல் ஏறிவந்த அத்தனை பேரும். இந்த இடத்தில் வைத்துக் கேட்டால் 'ஃபேரிடேல்' ஊரை விட்டுப் போனவர்களின் பாட்டு. கிறிஸ்துமஸ் அதில் ஒரு தேதி மட்டும்தான்.

மறுப்பவர்கள் தாராளமாக வரலாம்.


பழைய கேசட் | டிசம்பர் 6, இரவு 11.40

மறுக்கிறேன். 85 ஆல்பம் என்று நீங்கள் ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போனது 'ரம், சோடமி அண்ட் த லாஷ்'. அதைத் தயாரித்தவர் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ. வேறு யாராவது 'புரொஃபஷனல்' தயாரிப்பாளர் வந்து கெடுப்பதற்கு முன்னால், இடிந்து நிற்கிற அந்த அழகோடு அவர்களைப் பிடித்து வைப்பதுதான் என் வேலை என்கிற பொருளில் அவரே பிறகு சொன்னார். அவர் பயந்தது 88ல் நடந்தது.

85ல் எல்லாமே கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். 'தி ஓல்ட் மெய்ன் டிராக்' கேளுங்கள். பதினாறு வயதுப் பையன் லண்டன் வருகிறான், பிக்காடில்லி பக்கத் தெருக்களில் உடம்பை விற்றுப் பிழைக்கிறான், போலீஸ்காரர்கள் அடித்து நொறுக்குகிறார்கள். பின்னால் அக்கார்டியன் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு முனகும். அவ்வளவுதான் இசை. 'எ பேர் ஆஃப் பிரவுன் ஐஸ்' பாட்டில் பப்பில் ஒரு கிழவன் போர்க்களத்தில் கை கால் சிதறிக் கிடந்ததைச் சொல்கிறான், கேட்டுக்கொண்டிருக்கிற இளைஞனுக்கு அவன்மேல் வெறுப்பு வருகிறது, கடைசியில் தானும் அவனைப் போலவே தள்ளாடிக்கொண்டு தெருவில் போகிறான். முடிவில் எரிக் போகிள் எழுதிய, முதல் உலகப் போரின் கல்லிப்போலிச் சண்டை பற்றிய பாட்டு, எட்டு நிமிஷம். இரண்டு கால்களையும் இழந்த சிப்பாய் திண்ணையில் உட்கார்ந்து, வருஷா வருஷம் மெலிந்துகொண்டே போகிற அணிவகுப்பைப் பார்க்கிறான்.

ஊரை விட்டுப் போனவர்களின் பாட்டு வேண்டுமென்றால் அதுவும் 85லேயே இருக்கிறது. 'நேவிகேட்டர்', ரயில் பாதை வெட்டப் போய் அங்கேயே செத்துப் புதைந்தவர்களைப் பற்றியது. இவ்வளவையும் வைத்திருந்தவர்கள் 88ல் ஸ்பானிஷ் திருவிழா மெட்டுக்கு டிரம்பெட் ஊதப் போனார்கள். 'ஃபியஸ்டா'வை யாராவது எனக்கு நியாயப்படுத்திச் சொல்லுங்கள்.


புதுவரவு | டிசம்பர் 7, காலை 7.55

'ஃபேரிடேல்' மட்டும் கேட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் புதிது. இவர்கள் ஐரிஷ்காரர்களா, லண்டன்காரர்களா? எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?


தகரக்குழல் | டிசம்பர் 7, காலை 9.20

@புதுவரவு, அந்தக் கேள்வியில்தான் முக்கால்வாசிச் சண்டையும் இருக்கிறது.

1982ல் லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியில் உருவான குழு. முதலில் வைத்த பெயர் போக் மஹோன், ஐரிஷ் மொழியில் ஒரு வசவு. பிபிசியில் அர்த்தம் தெரிந்ததும் சிக்கலாகி, சுருக்கி போக்ஸ் ஆக்கினார்கள். எழுதிப் பாடிய ஷேன் மெக்கவன் பிறந்தது இங்கிலாந்தின் கென்ட்டில், 1957 டிசம்பர் 25 அன்று. பெற்றோர் ஐரிஷ். சிறுவயதில் டிப்பரரியில் அம்மா வழி உறவினர்களின் பண்ணை வீட்டில் வளர்ந்த நாட்களை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பாஞ்சோ வாசித்த ஜெம் ஃபைனர், அக்கார்டியன் வாசித்த ஜேம்ஸ் ஃபியர்ன்லி, டிரம்ஸ் ஆண்ட்ரூ ரேங்கன் எல்லாரும் ஆங்கிலேயர்கள். 'தவுசண்ட்ஸ் ஆர் செய்லிங்' எழுதிய பிலிப் ஷெவ்ரான் டப்ளின்காரர். மாண்டலினும் சிட்டர்னும் வாசித்த டெர்ரி வூட்ஸும் டப்ளின்காரர், ஸ்டீலை ஸ்பான் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

அதனால் அயர்லாந்தில் சிலர் "இவர்கள் யார் நம் பாட்டைப் பாட?" என்றார்கள். லண்டனில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் "இவர்கள்தான் நாங்கள்" என்றார்கள். வீட்டில் அப்பா போடுகிற டப்ளினர்ஸ் என்ற ஐரிஷ் நாட்டுப்பாடல் குழுவின் இசைத்தட்டும், வெளியே செக்ஸ் பிஸ்டல்ஸ் பங்க்கும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே மேடையில் வந்தது இவர்களிடம்தான்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், 88 ஆல்பத்தின் முதல் பக்கம். ஆறு பாட்டு. வரிசை மாற்றாமல், ஷஃபிள் போடாமல் கேளுங்கள்.


நாலாம் தந்தி | டிசம்பர் 7, மதியம் 1.05

நான் மாண்டலின் வாசிக்கிறவன். 'மெருகு' என்ற குற்றச்சாட்டு காது சம்பந்தப்பட்டது என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஆரம்ப காலத்தில் ரேங்கன் நின்றுகொண்டே வாசிப்பார். ஒரு ஸ்னேர், ஒரு ஃப்ளோர் டாம், அவ்வளவுதான் செட். 88ல் முழு டிரம் செட். தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட். யூ2வின் முதல் ஆல்பங்களையும் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்தையும் செய்தவர், டிரம்ஸ் ஒலியைப் பெரிதாக்குவதில் பேர் வாங்கியவர். பழைய கேசட் அண்ணா சொல்கிற வித்தியாசத்தில் பெரும்பகுதி இதுதான். தாளம் முன்னே வந்துவிட்டது. அது உண்மை, மறுக்கவில்லை.

ஆனால் குழுவில் ஆள் எண்ணிக்கையும் மாறியிருந்தது. 88ல் எட்டுப் பேர். பாஞ்சோ, அக்கார்டியன், தகரக்குழல், சிட்டர்ன், மாண்டலின், கிட்டார் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்து சுரங்களில் ஓடுகிற வாத்தியங்கள். எட்டையும் 85 மாதிரி ஒரே அறையில் கொட்டினால் சந்தை இரைச்சல்தான் மிஞ்சும். லில்லிவைட் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் ஒதுக்குகிறார். தலைப்புப் பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். அந்த வேகத்திலும் பாஞ்சோவின் ஒவ்வொரு தட்டும் தனியாக விழும், அக்கார்டியன் அதை மூடாது. இப்படிப் பிரித்து வைத்ததால்தான் பாட்டு இன்னும் வேகமாகக் கேட்கிறது.

'ஃபேரிடேல்' எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதை இரண்டு வருஷம் எழுதிக்கொண்டிருந்தார்கள். முதலில் பேஸ் கிட்டாரிஸ்ட் கெய்ட் ஓ'ரியார்டனைப் பெண் குரலாக வைத்து டெமோ எடுத்தார்கள், சரிவரவில்லை. அவர் 1986ல் விலகினார். 87ல் லண்டன் ராக் ஸ்டூடியோவில் மெதுவான பியானோப் பகுதியையும் பின்னால் வருகிற வேகப் பகுதியையும் தனித்தனியாகப் பதிந்து ஒட்டினார்கள். லில்லிவைட் தன் மனைவி கிர்ஸ்டி மெக்காலை வீட்டு ஸ்டூடியோவில் பாட வைத்து டேப்பை எடுத்து வந்தார். மாதிரிக்கு என்று பாடியது. கேட்டதும் ஷேன் தன் பகுதியைத் திரும்பப் பாடவேண்டும் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. தந்திக் கருவிகளுக்கான இசையை ஃபியக்ரா டிரெஞ்ச் எழுதினார்.

அந்த ஒட்டு தெரிகிற இடத்தைக் கவனியுங்கள். பியானோ நிற்கிறது, ஒரு மூச்சு இடைவெளி, 6/8 தாளத்தில் தகரக்குழலும் அக்கார்டியனும் உள்ளே வருகின்றன. லாக்கப்பிலிருந்து இளமைக்குத் தாவுகிற நொடி அது. கதை திரும்புகிற அதே இடத்தில் தாளமும் திரும்புகிறது. இதை 'மெருகு' என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

'ஃபியஸ்டா' பற்றி: 1986ல் அலெக்ஸ் காக்ஸின் படத்தில் நடிக்க ஸ்பெயினின் அல்மெரியாவுக்குப் போனார்கள். அங்கே திருவிழா மைதானத்தில் இரவெல்லாம் கேட்ட சத்தத்தை ஃபைனர் ஊருக்குக் கொண்டுவந்தார். மேடையில் அந்தப் பாட்டுக்குக் குழுவின் தகரக்குழல்காரர் ஸ்பைடர் ஸ்டேசி பீர்த் தட்டால் தன் தலையில் அடித்துத் தாளம் போடுவார். ஆல்பத்தின் தரத்தை அதை வைத்து எடைபோடாதீர்கள், இரண்டாம் பக்கத்துக்கு ஒரு கதவு அது.


பழைய கேசட் | டிசம்பர் 7, மாலை 6.30

வாத்தியங்களுக்கு இடம் ஒதுக்கியதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சில பாட்டுகளுக்கு அந்த நெரிசல் வேண்டும். 'சாலி மெக்லெனன்' பாட்டில் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வாசிப்பதால்தான் ரயில் நிலையத்தில் நண்பனை வழியனுப்புகிற கூட்டம் கண்ணில் தெரிகிறது. அதே பாட்டை 88ல் பதிந்திருந்தால் வழியனுப்பு விழா மேடைக்குப் போயிருக்கும்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும், யாரும் சொல்லவில்லை. 85ல் 'டர்ட்டி ஓல்ட் டவுன்' இருக்கிறது, யூவன் மெக்கால் சால்ஃபர்டைப் பற்றி எழுதியது. 88ல் அவர் மகள் கிர்ஸ்டியின் குரல். இரண்டு ஆல்பங்களிலும் அந்தக் குடும்பம் இருக்கிறது. இதை எழுதும்போது 2000 டிசம்பரில் மெக்சிகோவின் கடலில் மோட்டார் படகு மோதி கிர்ஸ்டி இறந்தது நினைவுக்கு வருகிறது. 41 வயது. தண்ணீரில் மகனைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றிவிட்டுத்தான் போனார்.


தேம்ஸ்கரை | டிசம்பர் 7, இரவு 9.48

லண்டனிலிருந்து எழுதுகிறேன். வந்து இருபத்தைந்து வருசத்துக்கு மேலே.

முதல் வேலை ஒரு கடையின் பின்பக்கக் கிடங்கில், பெட்டி அடுக்குவது. நவம்பர் கடைசியிலேயே கூரை ஸ்பீக்கரில் கிறிஸ்துமஸ் பாட்டுகள் தொடங்கிவிடும். ஒரே இருபது பாட்டு சுற்றிச் சுற்றி வரும். 'ஃபேரிடேல்' வரும்போது மட்டும் பெடியள் வேலையை விட்டுவிட்டுக் கத்திப் பாடுவார்கள். எனக்கு அப்போது சொற்கள் அரைகுறையாகத்தான் பிடிபட்டன. இருவர் சண்டை பிடிக்கிறார்கள் என்பது விளங்கியது.

எங்களோடு ஒரு வயதான ஐரிஷ் மனிதர் வேலை செய்தார். மேயோ பக்கம் ஊர். அறுபதுகளில் வந்து கட்டட வேலை, ரோட்டு வேலை எல்லாம் செய்து முழங்கால் போனபிறகு கிடங்குக்கு வந்தவர். அந்தப் பாட்டை அவர் பாடமாட்டார். ஒருநாள் கேட்டேன், உங்கட நாட்டுப் பாட்டுத்தானே, பிடிக்காதா என்று. "பிடிக்கும், ஆனால் அதோடு சேர்ந்த மற்றதை இவர்கள் ஒருக்காலும் போடுவதில்லை" என்றார். அடுத்த கிழமை ஒரு கேசட் கொண்டுவந்து தந்தார். இந்த ஆல்பம்தான். 'தவுசண்ட்ஸ் ஆர் செய்லிங்' என்ற பெயருக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார்.

அந்தப் பாட்டின் இரண்டாம் பாதி பழைய கப்பல்களை விட்டுவிட்டு, இப்போது நியூயார்க்கில் காகிதம் இல்லாமல் இருக்கிறவர்களைப் பற்றிப் போகும். அதில் ஓர் இடம். வெளிச்சமே நுழையாத அறைகளில் இருந்துகொண்டு, நீல வானமும் கடலும் அச்சடித்த தபாலட்டைகளை ஊருக்கு அனுப்புகிறார்கள். நாங்கள் அப்போது ஓர் அறையில் ஆறு பேர். இரவு வேலைக்காரர் எழும்பிப் போனால் பகல் வேலைக்காரர் அதே மெத்தையில் படுப்பார். நான் ஊருக்கு அனுப்பிய முதல் படம், யாரோ ஒருவருடைய சிவப்புக் காரில் சாய்ந்துகொண்டு எடுத்தது. அம்மா அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தா. தபாலட்டை வரியைக் கேட்ட அன்று கிடங்குப் படிக்கட்டில் இருந்து நான் அழுதேன்.

விமர்சகர்கள் எழுதியதை நான் பிறகுதான் வாசித்தேன். ஆனால் இந்த ஆல்பத்துக்கு ஒரு விமர்சனம் அந்தப் பேனாக் கோடுதான் எனக்கு.


நாலாம் தந்தி | டிசம்பர் 7, இரவு 10.15

அண்ணா, இதைப் பகிர்ந்ததற்கு நன்றி. அந்தப் பாட்டை இன்றிரவு திரும்பக் கேட்கிறேன்.


கடலோடி | டிசம்பர் 8, காலை 6.40

அயர்லாந்தில் கிடைத்த வரவேற்பைப் பற்றித் தகரக்குழல் ஒரு வரியில் சொன்னார். அது இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டிய கதை.

அங்கே மரபிசை என்பது சாதாரண விஷயமில்லை. ரீல் என்கிற நடன மெட்டு ஒன்றை எந்த ஊர்ப் பாணியில் வாசிக்கிறாய், எந்த இடத்தில் அலங்காரம் வைக்கிறாய் என்று கேட்கிற உலகம். அங்கே ஒரு கூட்டம் கத்திக்கொண்டும் துப்பிக்கொண்டும் வந்தால் கோபம் வரத்தான் செய்யும். 1985ல் ஐரிஷ் வானொலியில் நடந்த ஒரு விவாதத்தில், கான்செர்ட்டினா மேதை நோயல் ஹில் போக்ஸின் இசையை மிகக் கடுமையாகத் தாக்கினார். அடுத்த வருஷம் வந்த 'போகெட்ரி இன் மோஷன்' என்ற சிறு இசைத்தட்டில் (இபி) இவர்கள் ஒரு வாத்திய இசைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள், 'பிளாங்ஸ்டி நோயல் ஹில்'. மரபில் 'பிளாங்ஸ்டி' என்பது ஒருவரைக் கௌரவித்து அமைக்கிற மெட்டுக்கான பெயர்.

நான் ஹில்லின் பக்கத்தையும் புரிந்துகொள்கிறேன். அவருடைய இசையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்தச் சின்னப் பெட்டியில் அவர் கொண்டுவருகிற நுணுக்கம் எத்தனை வருஷத்து உழைப்பு என்று. அந்த உழைப்பைக் காதால் மதிக்கிறவருக்கு 85ன் போக்ஸ் எப்படிக் கேட்டிருக்கும்?

ஆனால் மரபின் மற்றொரு பக்கம் கையை நீட்டியது. 1987ல் டப்ளினர்ஸ், அதாவது ரானி ட்ரூவும் கூட்டாளிகளும், போக்ஸோடு சேர்ந்து 'தி ஐரிஷ் ரோவர்' பாடினார்கள். அயர்லாந்தில் முதலிடம், பிரிட்டனில் 8. தாடி வைத்த பெரியவர்கள் ஒரு பக்கம், பல் போன ஷேன் ஒரு பக்கம். 88 ஆல்பத்துக்குச் சரியாக முந்தின வருஷம் இது. வாசல் கதவைப் பெரியவர்களே திறந்துவிட்ட பிறகு வந்த ஆல்பம் என்பதால், 85க்குக் கிடைத்த திட்டு இதற்கு அவ்வளவாகக் கிடைக்கவில்லை. டெர்ரி வூட்ஸ் உள்ளே வந்ததும் ஒரு காரணம், மரபில் ஊறிய கை அவருடையது. இரண்டாம் பக்கத்தின் 'மெட்லி'யில் 'ராக்கி ரோட் டு டப்ளின்' வருகிற இடத்தைக் கேளுங்கள். ஸ்லிப் ஜிக் என்கிற 9/8 தாள நடன மெட்டு, எங்கேயும் கால் தடுக்கவில்லை.


மழைக்கால ரயில் | டிசம்பர் 8, மதியம் 12.25

இத்தனை பதிவுகளில் யாரும் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் சாரோ / பர்மிங்ஹாம் சிக்ஸ்' பாட்டைத் தொடவில்லை. எனக்கு இந்த ஆல்பத்தின் நடுமுதுகு அதுதான்.

1974 நவம்பர் 21 அன்று பர்மிங்ஹாமில் இரண்டு பப்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். ஆறு ஐரிஷ்காரர்களைப் பிடித்து, அடித்து வாக்குமூலம் வாங்கி, 1975ல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அவர்கள் செய்யவில்லை. அதே மாதிரி கில்ட்ஃபர்ட் குண்டுவெடிப்பு வழக்கில் நான்கு பேர். பாட்டு இரண்டு துண்டாக இருக்கும். முதல் துண்டு டெர்ரி வூட்ஸுடையது, வன்முறை போதும் என்று ஊரை விட்டுப் போகிறவனின் மெல்லிய குரல். பிறகு ஷேன். ஐரிஷ்காரனாகத் தப்பான நேரத்தில் தப்பான இடத்தில் இருந்ததுதான் இவர்கள் குற்றம் என்று ஆத்திரத்தோடு பாடுகிறார்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். ஆல்பம் வந்தது 1988 ஜனவரி. அந்த ஆறு பேரின் மேல்முறையீட்டை லண்டன் நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும் அதே ஜனவரி. அக்டோபரில் அரசு, வட அயர்லாந்து ஆயுத அமைப்புகளுக்காகவும் அவர்களின் ஆதரவாளர்களுக்காகவும் பேசுகிறவர்களின் குரலுக்கு ஒளிபரப்புத் தடை உத்தரவு கொண்டுவந்தது. அதைக் காட்டி ஐபிஏ என்ற ஒளிபரப்பு ஆணையம் இந்தப் பாட்டை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் போடக்கூடாது என்றது. கில்ட்ஃபர்ட் நால்வர் 1989ல் வெளியே வந்தார்கள். பர்மிங்ஹாம் அறுவர் 1991 மார்ச் 14 அன்று, பதினாறு வருஷத்துக்குப் பிறகு.

அதாவது, நீதிமன்றம் குற்றவாளிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே, டாப் 3ல் இருந்த ஓர் ஆல்பம் நிரபராதிகள் என்று சொன்னது. மெருகு போட்டுப் பணிந்துபோனார்கள் என்று 88ஐச் சொல்கிறவர்கள் இதை எங்கே வைப்பார்கள்? லில்லிவைட்டின் ஒலியால் பாட்டு அதிக வீடுகளுக்குப் போனது. அதிக வீடுகளுக்குப் போனதால்தான் தடை செய்யவேண்டிய பாட்டாக ஆனது.


பழைய கேசட் | டிசம்பர் 8, மதியம் 2.10

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நியாயம்.


புதுவரவு | டிசம்பர் 8, மாலை 5.00

ஒரு சந்தேகம். 'ஃபேரிடேல்' பாட்டில் வருகிற வசவுகளைச் சில ஸ்டேஷன்கள் வெட்டிப் போடுகிறார்களே, அது சரியா?


மழைக்கால ரயில் | டிசம்பர் 8, மாலை 6.15

2007ல் பிபிசி ரேடியோ 1 இரண்டு சொற்களை மங்கலாக்கியது, அதில் ஒன்று தன்பாலீர்ப்பாளர்களை இழிக்கிற வசவு. பெரிய எதிர்ப்பு, கிர்ஸ்டியின் அம்மாவே கண்டித்தார், அன்று மாலையே பழையபடி போட்டார்கள். 2020ல் அதே ஸ்டேஷன் திரும்பவும் திருத்திய வடிவத்துக்குப் போனது.

ஷேன் 2018ல் இதைப் பற்றிச் சொன்னதை நான் ஏற்கிறேன். பாட்டில் பேசுகிற பெண் நல்லவளாக இருக்கவேண்டிய அவசியமில்லை, விரக்தியின் அடியில் கிடக்கிறவள், அவள் காலத்து, அவள் இடத்து வாயால்தான் பேசுவாள் என்றார். புரியாதவர்கள் சொல்லை மறைத்துப் போட்டாலும் தனக்கு ஆட்சேபமில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். என் தம்பி தன்பாலீர்ப்பாளன். கூட்டமாகக் குடித்துவிட்டு அந்த வசவை மட்டும் கூடுதல் சத்தத்தோடு பாடுகிறவர்கள் நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். பாட்டைக் கதையாகக் கேட்கிற இடத்தில் சொல் இருக்கட்டும். கதையே கேட்காமல் கத்துகிற இடத்தில் மறைத்தால் எனக்கு நஷ்டமில்லை.

தகரக்குழல் தொடங்கிய இடத்துக்கே இது திரும்பி வருகிறது. ஆல்பத்திலிருந்து பிய்த்ததால்தான் அந்தச் சொல் தனியாக நிற்கிறது.


கடலோடி | டிசம்பர் 8, இரவு 8.20

குடியைப் பற்றியும் பேசவேண்டும். ஐரிஷ்காரன் என்றால் குடிகாரன் என்று இங்கிலாந்து பத்திரிகைகள் பல காலமாகப் போட்ட கேலிச்சித்திரத்துக்கு ஷேன் தன் உடம்பையே கொடுத்துவிட்டார் என்ற வருத்தம் அயர்லாந்தில் பலருக்கு இருந்தது. அது பொறாமைப் பேச்சில்லை. 1991ல் ஜப்பான் பயணத்தின் நடுவில் அவரைக் குழுவே நீக்கவேண்டி வந்தது. அவர் தள்ளாடியதைப் பார்த்துக் கைதட்டிய ரசிகர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். பாட்டுகளில் குடி இருக்கிறது, ஆனால் ஒரு பாட்டிலும் அது யாரையும் காப்பாற்றவில்லை. அதைக் கேட்காமல் கோப்பையை மட்டும் தூக்கினோம்.


தகரக்குழல் | டிசம்பர் 8, இரவு 10.50

கடலோடி சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன்.

அதனால்தான் கடைசிக்கு முந்தின பாட்டை நான் இத்தனை முறை கேட்கிறேன், 'தி பிராட் மெஜஸ்டிக் ஷானன்'. டிப்பரரி மேற்கே ஷானன் நதியைத் தொடுகிற பக்கம்தான் ஷேனின் அம்மா வழி ஊர். அதில் ஓர் இடத்தில் துருப்பிடித்த தகர டப்பாவும், ஹர்லிங் என்ற ஐரிஷ் மட்டை விளையாட்டின் பழைய பந்தும் வரும். ஊரில் விட்டுவந்தவற்றில் இவ்வளவுதான் கையில் மிஞ்சியது. பெருமை பேசவில்லை, கொடி பிடிக்கவில்லை. ஒரு டப்பா, ஒரு பந்து. இந்த ஒரு வரிக்காகவே 88 ஆல்பம் 85க்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்று நான் வாதாடத் தயார்.

2023 நவம்பர் 30 அன்று ஷேன் போனார். டிசம்பர் 8, இன்றைய தேதிதான், டிப்பரரியின் நீனாவில் இறுதிச் சடங்கு. நிக் கேவ் பாடினார். தேவாலயத்தின் உள்ளே கிளென் ஹான்சார்டும் லிசா ஓ'நீலும் 'ஃபேரிடேல்' பாட, சவப்பெட்டிக்கு முன்னால் குடும்பத்தார் எழுந்து ஆடினார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அது கிறிஸ்துமஸ் பாட்டாகத் தோன்றியிருக்காது.


பழைய கேசட் | டிசம்பர் 9, அதிகாலை 1.35

தூக்கம் வரவில்லை. சொன்னபடி முதல் பக்கத்தை வரிசையாகப் போட்டேன், விளக்கை அணைத்துவிட்டு.

என் தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. 85தான் எனக்கு முதல், 'ஃபியஸ்டா' இன்னும் பிடிக்கவில்லை. 25க்கு 1, 18க்கு 1 என்பதை இத்தனை வருஷம் கவனிக்காமல் விட்டதற்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் படுக்க முடியாது. தேம்ஸ்கரை அண்ணா சொன்ன தபாலட்டை வரிக்காகக் காத்திருந்தேன். வெளிச்சம் நுழையாத அறை என்று வந்ததும் அடுத்த வரி என்ன தெரியுமா? அந்த அறைகளில் கிறிஸ்துமஸ் மரத்தில் விளக்கு எரிவதில்லை என்று வருகிறது. இரண்டு பாட்டுக்கு முன்னால் நியூயார்க்கில் கிறிஸ்துமஸுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. இதே ஊரில், இந்த அறையில் விளக்கு இல்லை. 'ஃபேரிடேல்' ஷேனும் ஃபைனரும் எழுதியது, இது ஷெவ்ரான் எழுதியது. பேசிவைத்து எழுதினார்களா, தானாக அமைந்ததா, எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஊசியைத் தூக்கி 'பாட்டில் ஆஃப் ஸ்மோக்' ஆரம்பத்தில் திரும்ப வைத்திருக்கிறேன்.


தேம்ஸ்கரை | டிசம்பர் 9, அதிகாலை 2.02

அந்த வரிக்குக் கீழேதான் அவர் இரண்டாவது கோடு போட்டிருந்தார். கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது.